டார்வின்: பத்துப் பிள்ளைகளின் தகப்பனார்

“சார்லஸ் டார்வின் மனைவி மக்கள்மேல் உயிரையே வைத்திருந்தவர் என்று படித்தேன். பகலெல்லாம் ஆராய்ச்சி, வாழ்நாளெல்லாம் நோய். போதாக்குறைக்கு மனைவிக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு, அவருக்கு இல்லை. இப்படி ஒருவர் நல்ல குடும்பஸ்தராக இருந்திருக்க முடியுமா? பெரிய மனிதர்கள் இறந்த பிறகு எல்லோரையும் இப்படித்தானே சொல்கிறார்கள்?” இதுதான் கேள்வி.

இருந்தார் என்பதுதான் என் பதில். இரங்கல் உரைகளை நம்பி இதைச் சொல்லவில்லை. டார்வின் எழுதியதும் அவருக்கு வந்ததுமாகச் சுமார் 15,000 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. அதோடு வீட்டு வரவுசெலவு நோட்டுகள், மனைவி எம்மாவின் டைரிகள், பிள்ளைகள் வளர்ந்தபின் எழுதிய நினைவுகள் எல்லாம் இருக்கின்றன. ஒருவர் நாற்பது வருஷம் வேஷம் போட்டிருந்தால் இவ்வளவு காகிதத்தில் எங்காவது ஒரு இடத்தில் கலைந்திருக்கும். எனக்குத் தெரிந்து எங்கும் கலையவில்லை. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பாசம் நிம்மதியான பாசமாக இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் கடைசிவரை அவரை விடவில்லை. அந்தப் பயத்தில் பாதி அவருடைய சொந்த ஆராய்ச்சியிலிருந்தே வந்தது. அதைச் சொல்லாமல் அவரைப் பாசமுள்ள தகப்பன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் மனிதர் முழுசாகத் தெரிய மாட்டார்.

கல்யாணத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். பீகிள் கப்பலில் ஐந்து வருஷம் உலகைச் சுற்றிவிட்டு 1836 அக்டோபரில் இங்கிலாந்து திரும்பினார். 1838-ல், 29 வயதில், ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி பிரித்துக் கல்யாணம் செய்வதா வேண்டாமா என்று எழுதிப் பார்த்தார். செய்தால் பிள்ளைகள், நிரந்தரமான துணை, வயதான காலத்தில் ஒரு சிநேகிதி, “எப்படியும் நாயைவிட மேல்.” செய்யாவிட்டால் நினைத்த இடத்துக்குப் போகலாம், கிளப்பில் அறிவாளிகளோடு பேசலாம், சொந்தக்காரர் வீடுகளுக்கு அலைய வேண்டாம், பிள்ளைகளால் வரும் செலவும் கவலையும் இல்லை, புத்தகம் வாங்கப் பணம் மிஞ்சும். கடைசியில் ‘கல்யாணம், கல்யாணம், கல்யாணம்’ என்று மூன்று முறை எழுதி, கணக்குத் தேற்றத்தை நிரூபித்து முடிப்பதுபோல முடித்தார். அந்த நாய் வரியை மட்டும் எடுத்துப் போட்டுச் சிரிப்பவர்கள் நிறைய. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. ‘செலவும் கவலையும்’ என்று எழுதினாரே, அது அத்தனையும் பலித்தது. ஒருமுறைகூட அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

பெண் வெளியில் இல்லை. எம்மா வெட்ஜ்வுட், டார்வினின் அம்மா சுசன்னாவின் தம்பி மகள். நம் கணக்கில் சொந்த மாமன் மகள். அதற்கு முந்தைய வருஷம்தான் டார்வினின் அக்கா கரோலினை எம்மாவின் அண்ணனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் என்பது நமக்குச் சட்டென்று புரியும். பீங்கானுக்குப் பேர்போன வெட்ஜ்வுட் குடும்பம், மருத்துவம் பார்த்துப் பணம் சேர்த்த டார்வின் குடும்பம், இரண்டும் தாத்தா காலத்திலிருந்தே பழக்கம். 1838 நவம்பர் 11 அன்று எம்மா சம்மதம் சொன்னார். ‘நாட்களில் சிறந்த நாள்’ என்று டார்வின் தன் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1839 ஜனவரி 29-ல் மேர் கிராமத்து தேவாலயத்தில் கல்யாணம்.

சரி, வீடு. 1842 செப்டம்பரில் லண்டனை விட்டு, கென்ட் பகுதியில் டவுன் என்ற கிராமத்தில் ஒரு பெரிய வீட்டுக்குக் குடிபோனார்கள். டார்வின் 1882-ல் இறக்கும்வரை நாற்பது வருஷம் அதே வீடு. ஆராய்ச்சிக்கூடமும் அதுதான். பல்கலைக்கழக வேலை கிடையாது, அலுவலகம் கிடையாது. படிப்பறை, தோட்டம், பசுமைக்குடில், பிறகு வீட்டுக்குப் பின்னால் மரங்களுக்கு இடையில் அவர் தினமும் சுற்றி வந்த மணல் நடைபாதை. இவ்வளவுக்குள் ஒரு மனைவி, பிள்ளைகள், வேலைக்காரர்கள், புறாக்கள், மண்புழுக்கள் எல்லாம் இருந்தன. அப்பா வேலைக்குப் போகிறார் என்றால் அடுத்த அறைக்குப் போகிறார் என்று அர்த்தம்.

அதனால் அந்தக் காலத்து வசதியான ஆங்கிலேயத் தகப்பன்மாரிடம் இருந்த எட்டி நிற்கும் பழக்கம் இங்கே வரவே வழியில்லை. படிப்பறைக்குள் பிள்ளைகள் ஓயாமல் நுழைவார்கள். பிளாஸ்திரி வேண்டும், நூல் வேண்டும், ஊசி, கத்தரிக்கோல், தபால்தலை, அடிக்கோல், சுத்தியல் என்று ஏதாவது ஒன்று. அவர் கோபப்பட மாட்டார். ஒரு நாள் மட்டும் பொறுமையான முகத்தோடு, “இனிமேல் உள்ளே வராமல் இருக்க முடியுமா, பாருங்கள், இன்று நிறையத் தடவை வேலை கெட்டுவிட்டது” என்று கேட்டாராம். நான்கு வயது மகன் ஒருவன் ஆறு பென்னி நாணயத்தைக் கொண்டுவந்து, வேலை நேரத்தில் தன்னோடு விளையாட வரும்படி லஞ்சம் கொடுக்கப் பார்த்திருக்கிறான். வேலை நேரம் புனிதமானது என்று பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆறு பென்னியை ஒருவர் வேண்டாம் என்பார் என்பதுதான் அவர்களால் நம்ப முடியாததாக இருந்தது.

இன்னொன்று, லெனர்ட் கதை. சோபாமேல் குதிக்கக் கூடாது, ஸ்பிரிங் கெட்டுவிடும் என்பது வீட்டுச் சட்டம். ஒரு நாள் டார்வின் உள்ளே வந்தபோது லெனர்ட் சோபாவில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தான். “லென்னி, லென்னி, இது சட்டத்துக்கு விரோதமாச்சே!” என்றார். “அப்படியானால் நீங்கள் இந்த அறையைவிட்டு வெளியே போய்விடுவது நல்லது” என்றான் பையன். இதைத் தன் சொந்தத் தோல்வியாக மறைக்காமல், ரசித்து எல்லோரிடமும் சொன்னது டார்வின்தான். தன் பிள்ளைகள் யாரிடமும் அவர் ஒரு கோபச் சொல் சொன்னதாகத் தனக்கு நினைவில்லை என்றும், ஆனாலும் அவர் சொல்லை மீற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதே இல்லை என்றும் மகன் பிரான்சிஸ் பிற்பாடு எழுதினார்.

வீட்டு மாடிப்படியில் சறுக்கி விளையாட ஒரு மரப்பலகை இருந்தது. அவர் படிப்பறையில் சக்கரம் வைத்த முக்காலி ஒன்று. நுண்ணோக்கிக்கும் மேசைக்கும் நடுவில் நகர்ந்துகொள்ள அவர் செய்துவைத்தது. பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு போய், கம்பு ஊன்றித் தள்ளிப் படகாக ஓட்டினார்கள். ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் கையெழுத்துப் பிரதியில் இன்று மிஞ்சியிருப்பது சில பக்கங்களே. அவற்றில் சில மிஞ்சியதற்குக் காரணம் அவற்றின் பின்பக்கத்தில் பிள்ளைகள் வரைந்த படங்கள். வேலை முடிந்த காகிதத்தைப் படம் வரையக் கொடுத்திருக்கிறார், படம் நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் எடுத்துவைத்திருக்கிறார்கள். காய்கறிகளின்மேலும் பழங்களின்மேலும் சவாரி செய்து சண்டை போடும் சிப்பாய்களின் படம் ஒன்று அதில் உண்டு. முன்பக்கத்தில் உயிரியலின் போக்கையே மாற்றிய வாக்கியங்கள், பின்பக்கத்தில் ஒரு சிறுவனின் கேரட் குதிரைப்படை. அந்த வீட்டைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தப் படத்தைத்தான்.

பிள்ளைகள் வேலைக்கும் உதவினார்கள். ஆண் வண்டுத்தேனீக்கள் தோட்டத்தில் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் நின்று ரீங்கரித்துவிட்டுப் போவதைக் கவனித்து, அவற்றின் பாதையைக் கண்டுபிடிக்க ஆளுக்கொரு புதரடியில் பிள்ளைகளை நிறுத்தினார். “இதோ இங்கே ஒன்று” என்று அவர்கள் கத்திக் கத்தி, தேனீயின் வழி தெரிந்தது. கடல் பாறைகளில் ஒட்டும் கொட்டலசு என்ற உயிரியை 1846 முதல் எட்டு வருஷம் ஆராய்ந்தார். அந்தக் காலத்தில் பிறந்து வளர்ந்த ஒரு மகன், பக்கத்து வீட்டுத் தகப்பனைப் பற்றி, “அவர் தன் கொட்டலசு வேலையை எங்கே செய்வார்?” என்று கேட்டானாம். எல்லா அப்பாக்களும் செய்வது அதுதான் என்று நினைப்பு.

மூத்தவன் வில்லியம் 1839 டிசம்பர் 27-ல் பிறந்தான். அன்றிலிருந்து அவன் தும்மல், விக்கல், கொட்டாவி, முதல் சிரிப்பு, முதல் கோபம் எல்லாவற்றையும் டார்வின் எழுதிவைத்தார். 1877-ல் ‘மைண்ட்’ என்ற இதழில் அது கட்டுரையாக வந்தது. குழந்தையைப் பரிசோதனைப் பொருளாக்கிவிட்டாரே என்று சிலர் சொல்வார்கள். கட்டுரையைப் படித்தால் அப்படித் தோன்றாது. இரண்டரை வயது தாண்டிய பையன் சாப்பாட்டு அறையிலிருந்து வெளியே வருகிறான். கண் வழக்கத்துக்கு மாறாக மின்னுகிறது, நடையில் ஒரு தினுசு. உள்ளே போய்ப் பார்த்தால், எடுக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்த சர்க்கரையைத் தின்றிருக்கிறான். அடிக்கவில்லை, திட்டவில்லை. அவனுடைய நல்ல உணர்ச்சிகளைத் தொட்டே வளர்த்ததால் சீக்கிரமே உண்மை பேசும், மென்மையான பிள்ளையாகிவிட்டான் என்று எழுதுகிறார். குறிப்பெடுத்தது விஞ்ஞானி என்றாலும், இப்படி வளர்த்தது தகப்பன்தான்.

பிரசவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1850 ஜனவரியில் லெனர்ட் பிறக்கும்போது டாக்டர் வந்துசேர நேரமாகிவிட்டது. எம்மாவுக்கு வலி தாங்கவில்லை. பிரசவ வலிக்குக் குளோரோஃபார்ம் கொடுக்கும் வழக்கம் அப்போதுதான் இரண்டு மூன்று வருஷமாக வந்திருந்தது. மதவாதிகள் சிலர் அதை எதிர்த்துக்கொண்டிருந்த காலம். விக்டோரியா ராணியே 1853-ல்தான் அதை எடுத்துக்கொண்டார். டார்வின் பயந்துகொண்டே தானே குளோரோஃபார்மைப் பிடித்து, குழந்தை பிறக்கும்வரை ஒன்றரை மணி நேரம் எம்மாவை மயக்கத்தில் வைத்திருந்தார். இன்றைய மருத்துவம் இதை ஒப்புக்கொள்ளாது. ஆனால் இளம் வயதில் மயக்க மருந்தில்லாமல் நடந்த அறுவைச் சிகிச்சையைப் பார்க்க முடியாமல் ஓடிவந்து, டாக்டர் படிப்பையே கைவிட்டவர் அவர். அப்படிப்பட்டவர் மனைவியின் வலியைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கவில்லை.

இனி ஆனி. டார்வின் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இங்கே வந்துதான் நிற்பார்கள், நானும் நிற்கிறேன்.

மொத்தம் பத்துப் பிள்ளைகள். அதில் மூன்று பேர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். மேரி என்ற பெண் குழந்தை 1842-ல் பிறந்து மூன்று வாரம்தான் இருந்தது. ஆனி 1841-ல் பிறந்த மூத்த மகள். நடைபாதையில் அப்பாவுக்கு முன்னால் சுழன்று சுழன்று ஆடிக்கொண்டே போவாள். அவருக்குப் பிடித்த மூக்குப்பொடியை ஒரு சிட்டிகை திருடிக்கொண்டு மாடியிலிருந்து ஓடிவந்து கொடுப்பாள், கொடுக்கும் சந்தோஷம் முகத்தில் பொங்கும். அரை மணி நேரம் உட்கார்ந்து அவர் தலைமுடியை வாரி ‘அழகாக்குவாள்’. இதெல்லாம் அவர் எழுதியவை.

1850-ல் ஆனிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. டார்வினுக்கே வாந்தி, தலைசுற்றல், வயிற்றுக் கோளாறு என்று ஓயாத நோய். அதற்காக மால்வெர்ன் என்ற ஊரில் டாக்டர் கல்லியிடம் குளிர்நீர்ச் சிகிச்சை எடுத்துக் குணம் கண்டிருந்தார். 1851 மார்ச்சில் மகளை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். ஈஸ்டர் வாரத்தில் நிலைமை மோசம் என்று தகவல் வந்ததும் ஓடினார். எம்மாவால் வர முடியவில்லை, நிறைமாதக் கர்ப்பிணி. அந்த ஒரு வாரம் இருவருக்கும் இடையில் கடிதங்கள்தான். மால்வெர்னிலிருந்து டார்வின் மணிக்கு மணி எழுதுகிறார்: இப்போது ஒரு வாய் கஞ்சி குடித்தாள், இப்போது வாந்தி, இப்போது நாடி பரவாயில்லை. கடிதம் எம்மா கைக்குப் போய்ச்சேரும்போது நிலைமை மாறியிருக்கும். நல்ல செய்தி வந்து எம்மா மகிழ்ந்திருக்கும் நேரத்தில் அங்கே குழந்தை மோசமாகியிருக்கும். அந்தக் கடிதங்களை வரிசையாகப் படிப்பது மிகவும் கஷ்டம். ஏப்ரல் 23 மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆனி போய்விட்டாள். வயது பத்து.

மறுநாளே டார்வின் எம்மாவிடம் கிளம்பிவிட்டார், அடக்கத்துக்கு இருக்கவில்லை. உறவினர்களும், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாவும், டீச்சரம்மாவும் மண்ணில் வைத்தார்கள். இதை வைத்து அவரைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெற்ற தகப்பன் கடைசிக் காரியத்துக்கு நிற்காமல் போகலாமா என்று நமக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். என் அபிப்பிராயம், அவர் சரியானதைத்தான் செய்தார். வீட்டில் நிறைமாதத்தில் தனியாக அந்தச் செய்தியைத் தாங்கிக்கொண்டிருந்தவர் எம்மா. “எப்போதும் போல நீங்கள்தான் என் முதல் செல்வம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று அந்த நேரத்திலும் அவர் கணவருக்கு எழுதியிருந்தார். மூன்று வாரத்தில், மே 13-ல், ஹொரேஸ் பிறந்தான்.

ஆனி போன ஒரு வாரத்தில், ஏப்ரல் 30 அன்று, டார்வின் அவளைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். வெளியிடுவதற்காக எழுதவில்லை. நாளாக நாளாக அவள் சாயல் மறந்துவிடக் கூடாது என்று எழுதினார். மூக்குப்பொடி, தலைமுடி, நடைபாதை ஆட்டம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கடைசியாக அவளுக்குத் தண்ணீர் கொடுத்தபோது, “ரொம்ப நன்றி” என்று அவள் சொன்னதையும், அவள் தன்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான் என்று நம்புவதையும் எழுதியிருக்கிறார். “வீட்டின் சந்தோஷத்தையும் எங்கள் வயதான காலத்தின் ஆறுதலையும் இழந்துவிட்டோம்” என்பது அதன் முடிவில் வரும் வரி. எம்மா, ஆனியின் சின்ன எழுதுபெட்டியில் அவளுடைய பொருள்களைப் போட்டு வைத்திருந்தார். அது எம்மா இறந்த பிறகும் குடும்பத்திலேயே இருந்தது.

ஆனி இறந்ததால்தான் டார்வின் கடவுள் நம்பிக்கையை விட்டார் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. கதையாகச் சொல்ல அது சுலபம். அவரே தன் வரலாற்றில், அவநம்பிக்கை மிக மெல்ல மெல்லத் தன்னுள் வந்ததாக எழுதுகிறார். கல்யாணத்துக்கு முன்பே எம்மாவிடம் தன் சந்தேகங்களைச் சொல்லியிருந்தார். மறைத்து வைக்கும்படி அவருடைய அப்பா புத்தி சொல்லியும் கேட்கவில்லை. எம்மா 1839-ல் ஒரு கடிதம் எழுதினார். விஞ்ஞானத்தில் எல்லாவற்றுக்கும் நிரூபணம் கேட்கும் பழக்கம், நிரூபிக்க முடியாத விஷயங்களிலும் உங்களைப் பிடித்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டார். இறந்த பிறகும் இருவரும் சேர்ந்திருக்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான் அந்தக் கவலையின் அடி. டார்வின் நம்பிக்கைக்குத் திரும்பவில்லை. எம்மாவும் வற்புறுத்தவில்லை, தேவாலயத்துக்குப் போவதை நிறுத்தவும் இல்லை. அந்தக் கடிதத்தைக் கடைசிவரை வைத்திருந்த டார்வின் அதன் கீழே எழுதினார்: “நான் இறந்த பிறகு தெரிந்துகொள், எத்தனையோ முறை இதை முத்தமிட்டு அழுதிருக்கிறேன்.” நீங்கள் கேட்ட நம்பிக்கை வேற்றுமைக்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. வேற்றுமை இருந்தது, வலித்தது, இருவரும் பிரியவில்லை.

1844-ல் தன் பரிணாமக் கொள்கையை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதி முடித்ததும், தான் திடீரென்று இறந்தால் 400 பவுண்டு ஒதுக்கி அதை வெளியிட ஏற்பாடு செய்யும்படி எம்மாவுக்குக் கடிதம் எழுதினார். தன் நம்பிக்கைக்கு எதிராகப் போகக்கூடிய ஒரு வேலையை, எந்த நண்பரிடமும் கொடுக்காமல், அந்த மனைவியிடமே ஒப்படைத்தார்.

பத்தாவது பிள்ளை சார்லஸ் வேரிங் 1856 டிசம்பரில் பிறந்தான். அப்போது எம்மாவுக்கு 48 வயது. பேச்சும் நடையும் வரவில்லை, ஆனால் டார்வினின் மடியில் மணிக்கணக்கில் படுத்திருப்பான். 1858 ஜூனில் இயற்கை ஆராய்ச்சியாளர் வாலஸின் பிரபலமான கடிதம் வந்தது. இருபது வருஷமாகத் தான் யோசித்துவந்த அதே கொள்கையை இன்னொருவர் எழுதி அனுப்பியிருக்கிறார். எந்த விஞ்ஞானியும் பதறிப்போகும் நேரம். அதே நாள்களில் மகள் ஹென்ரியட்டாவுக்குத் தொண்டை அடைப்பான், கைக்குழந்தைக்குச் செங்காய்ச்சல். ஜூன் 28-ல் குழந்தை இறந்தது. ஜூலை 1-ல் லண்டனில் இயற்கை ஆராய்ச்சியாளர்களின் லின்னேயன் சங்கத்தில் டார்வின், வாலஸ் இருவரின் கட்டுரைகளும் ஒன்றாக வாசிக்கப்பட்டபோது இருவருமே அங்கே இல்லை. வாலஸ் கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்தார். டார்வின் பிள்ளையை இழந்து வீட்டில் இருந்தார். என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள் என்று நண்பர்கள் லயலிடமும் ஹூக்கரிடமும் விட்டுவிட்டார்.

முன்னே சொன்ன பயத்துக்கு வருகிறேன். தன் நோய் பரம்பரையாகப் பிள்ளைகளுக்கு இறங்கிவிட்டதோ என்று அவர் ஓயாமல் கவலைப்பட்டார். ஒரு பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றாலே கடிதங்களில் அந்தப் பேச்சு வந்துவிடும். மாமன் மகளைக் கட்டியது காரணமோ என்ற சந்தேகமும் இருந்தது. செடிகளில் தன்மகரந்தச் சேர்க்கையையும் அயல்மகரந்தச் சேர்க்கையையும் வருஷக்கணக்கில் ஒப்பிட்டு 1876-ல் ஒரு நூல் வெளியிட்டார். நெருங்கிய உறவில் விளைந்த செடிகள் பெரும்பாலும் உயரத்திலும் வலுவிலும் குறைந்தன. தன் தோட்டத்துச் செடிகளில் தன் வீட்டுக் கேள்விக்குப் பதில் தேடினார் என்று நான் நினைக்கிறேன். 1870-ல், மறுவருஷக் குடிக்கணக்கெடுப்பில் நெருங்கிய உறவுத் திருமணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று அண்டை வீட்டு நண்பரும் நாடாளுமன்ற உறுப்பினருமான லப்பக் மூலம் முயன்றார். நாடாளுமன்றம் மறுத்தது. பிறகு மகன் ஜார்ஜே அந்த ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டார். தீமை இருந்தாலும் பெரிய அளவில் இல்லை என்பதாக 1875 வாக்கில் அவர் கணக்கு முடிந்தது.

இனி அவரைத் தாங்கிப் பேச எனக்கு மனம் வராத இடங்கள். மகன்கள் வெளியூர்ப் பள்ளிகளுக்குப் போனார்கள், நான்கு பேர் கேம்பிரிட்ஜில் படித்தார்கள். மகள்கள் ஹென்ரியட்டாவும் எலிசபெத்தும் வீட்டில் டீச்சரம்மாவிடம் படித்ததோடு சரி. அதே ஹென்ரியட்டாதான் 1871-ல் வந்த ‘மனிதனின் வம்சாவளி’ நூலின் பிரதியை வரிவரியாகத் திருத்தித் தந்தவர், அவர் யோசனைகளை அப்பா மதித்து ஏற்றுக்கொண்டார். அந்த நூலிலேயே ஆணின் அறிவு பெண்ணின் அறிவைவிட மேல் என்று எழுதியிருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். பதினேழு வருஷத்தில் பத்துப் பிரசவம் எம்மாவுக்கு. நோயாளிக் கணவர், நோயாளிப் பிள்ளைகள், வீட்டு நிர்வாகம் எல்லாம் அவர் தலையில். பியானோவில் அத்தனை தேர்ச்சி உள்ளவர். அப்பாவின் சொத்து, பெரிய வீடு, முப்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்த பார்ஸ்லோ போன்ற வேலைக்காரர்கள் இல்லாமல் இந்தப் பாசமான தகப்பன் வாழ்க்கை இவ்வளவு நன்றாக அமைந்திருக்காது. அவர் நோயும் பிள்ளைகள்மேல் நிழலாக விழுந்தது. சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் புல்வெளியில் அப்பாவிடம் போனதாகவும், அவர் இரண்டு அன்பான வார்த்தை சொல்லிவிட்டு, மேலே பேச முடியாதவராகத் திரும்பிக்கொண்டதாகவும், இவர் உயிரோடு இருக்கவே விரும்பவில்லையோ என்று அந்த நொடியில் தனக்குத் தோன்றியதாகவும் லெனர்ட் வயதான பிறகு எழுதினார்.

இதையெல்லாம் சேர்த்த பிறகும் தராசு ஒரு பக்கம்தான் சாய்கிறது. ஜார்ஜ் 1868-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் வந்தபோது, “மனமார, உயிராரப் பாராட்டுகிறேன்” என்று எழுதி, “நீ என் கையை நடுங்க வைத்துவிட்டாய், எழுதவே முடியவில்லை” என்றார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவரும் எம்மாவும் பேக்கமன் என்ற பகடை ஆட்டம் ஆடுவார்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவையும் எழுதிவைத்தார். எம்மா ஜெயித்தது 2,490, தான் ஜெயித்தது 2,795 என்று 1876-ல் அமெரிக்க நண்பர் ஏசா கிரேவுக்குப் பெருமையாக எழுதினார். அதே வருஷம் பிரான்சிஸின் மனைவி எமி, மகன் பெர்னார்டைப் பெற்ற சில நாளில் இறந்துவிட்டார். பிரான்சிஸ் கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்கே திரும்பினார். 67 வயது தாத்தாவுக்கும் பாட்டிக்கும் மறுபடி ஒரு குழந்தை. கடைசி நூலுக்காக மண்புழுக்களுக்குக் காது கேட்குமா என்று பார்த்தபோது பிரான்சிஸ் பாசூன் வாசித்தார், எம்மா பியானோ வாசித்தார், பெர்னார்ட் விசில் ஊதினான். புழுக்கள் அசையவில்லை. 1881-ல் வந்த அந்த நூலில் இந்தக் கச்சேரியும் பதிவாகியிருக்கிறது.

1882 ஏப்ரல் 19-ல் வீட்டிலேயே இறந்தார். “சாவுக்கு நான் கொஞ்சமும் பயப்படவில்லை. நீ எவ்வளவு நல்ல மனைவியாக இருந்தாய் என்பதை நினைவில் வை. பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் எவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள் என்பதை நினைக்கச் சொல்” என்று கடைசியில் அவர் சொன்னதை எம்மா எழுதிவைத்திருக்கிறார். டவுன் கிராமத்து தேவாலய மண்ணில், இறந்துபோன குழந்தைகள் அருகில் வைக்க வேண்டும் என்பதுதான் குடும்பத்தின் எண்ணம். நாடு கேட்டது, ஏப்ரல் 26-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் நடந்தது. எம்மா போகவில்லை. 1896-ல் அவர் இறந்தபோது டவுனில்தான் வைத்தார்கள்.

தன் வரலாற்றை டார்வின் 1876-ல், மதியத்தில் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் படிப்பதற்காக எழுதியிருந்தார். நற்குணம் ஒவ்வொன்றிலும் தன்னைவிட எத்தனையோ மேலான ஒருத்தி தனக்கு மனைவியாகச் சம்மதித்தது தன் அதிர்ஷ்டம் என்று அதில் இருக்கிறது. மதத்தைப் பற்றிய கடுமையான பகுதிகளும் அதில்தான் இருக்கின்றன. அதை வெளியிடுவதா என்று பிள்ளைகளுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. பிரான்சிஸ் முழுசாக வெளியிடலாம் என்றார், ஹென்ரியட்டா கடுமையாக எதிர்த்தார். எம்மா சில வரிகளை எடுத்துவிடும்படி மகனுக்கு எழுதினார். நண்பர்கள் மனம் புண்படும், உங்கள் அப்பாவைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்பது அவர் காரணம். 1887-ல் அந்தப் பகுதிகள் இல்லாமல்தான் வெளிவந்தது. ஹொரேஸின் மகள் நோரா பார்லோ 1958-ல் வெட்டிய வரிகள் அத்தனையையும் திரும்பச் சேர்த்துப் பதிப்பித்தார்.